ஒரு கால் அளவுதான் கேட்டேன்

அம்மாடி,

நீ அனுப்பின அளவு வந்துச்சு. பாத நீளம் 23 சென்டிமீட்டர், பாதத்த சுத்தி 21. நின்னுகிட்டுதான அளந்த? உக்காந்து அளந்தா கம்மியா காட்டும், எடை எறங்குனாதான் பாதம் விரியும். எப்டியோ உனக்கு நான் பின்னின சாக்ஸ் ஜோடி முடிஞ்சிது. சுத்தளவு 21ன்னா சாக்ஸ 19க்குதான் போடணும், பத்துல ஒரு பங்கு சின்னதா இருந்தாதான் கால புடிச்சி நிக்கும், இல்லன்னா ஷூக்குள்ள எறங்கி எறங்கி அடியில மடிஞ்சி உறுத்தும்.

மாப்ள அளவு அனுப்பல நீ. கேட்டதுக்கு சரின்னு கை கட்டவெரல தூக்கி காட்டற படம் ஒண்ணு போட்டு விட்ட, அதோட சரி. மறந்திருப்ப, ஆபீஸ் வேல இருக்கும்.

அவருக்கு நான் ஆரம்பிச்சிட்டேன்மா. மேலேர்ந்து கீழ போடற சாக்ஸ்ல அது ஒரு வசதி, கணுக்கால் வரைக்கும் குத்துமதிப்பா போட்டுட்டு போலாம், 72 ஸ்டிச் எடுத்தேன், மேல இழுத்து குடுக்கற ரிப் பட்டை முடிஞ்சி குதிகாலும் முடிஞ்சிது. இனிமே பாதம். அங்கதான் நீளம் தெரியணும், கட்டவெரல் நுனிக்கு ஒரு 5 சென்டிமீட்டர் இருக்கும்போதே ஸ்டிச்ச கொறைக்க ஆரம்பிக்கணும், நுனி எங்க இருக்குன்னே தெரியாம எங்க போயி கொறைக்கிறது? அதனால அது ஊசியோட அப்டியே நிக்குது.

உன்னுது பிரமாதமா வந்திருக்கு, நானே சொல்லக்கூடாது. குதிகால்தான் எனக்கு புடிச்ச எடம். 64 ஸ்டிச்ல பாதி, 32, அத மட்டும் தனியா வச்சி போயி வந்து 32 வரிசை, ஒண்ணு விட்டு ஒண்ணு பின்னாம சும்மா தள்ளி விட்டா அந்த எடம் ரெட்டையா தடிச்சி நிக்கும், தேயாது. அப்பறம் பாதி வரிசையிலேயே திரும்பணும், வரிசை முடியாது ஆனா திரும்பணும், முதல்ல போடறப்ப என்னடா இது தப்பாச்சேன்னு கை நிக்கும். திரும்பி திரும்பி 32 போயி 18 ஆகுறப்ப பாத்தா தட்டையா இருந்த துணி கிண்ணமா குழிஞ்சி கெடக்கும். ரெண்டு பக்கமும் பதினாறு பதினாறு புதுசா எடுத்து, சும்மா நின்ன மிச்ச பாதி 32ஐயும் சேத்தா மொத்தம் 82, அத மறுபடி 64க்கு கொண்டு வரணும், ரவுண்டு விட்டு ரவுண்டு ரெண்டு ரெண்டா. எண்ணிகிட்டே இருக்கும்போது உங்கம்மா எதாவது கேட்டா போச்சு, திரும்ப முதல்லேர்ந்து எண்ணணும். இப்ப அவ தெரிஞ்சேதான் கேக்குறா.

தொப்பி அப்டி இல்ல, நாலு சாயங்காலத்துல தலையில ஏறிடும். 96 ஸ்டிச், உச்சியில எட்டு எடத்துல கொறச்சிகிட்டே வந்து கடைசி எட்டுல நூல கோத்து இழுத்தா முடிஞ்சிது. ஒரே கஷ்டம் முதல் ரவுண்டு சேக்கும்போது முறுக்கிக்கிட்டா தெரியாது, மூணு விரக்கட போனப்பறம்தான் தெரியும், மொத்தமா அவுக்கறத தவிர வழியே கெடையாது. தலை அளவு யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல, அது இழுத்து குடுக்கும். அதனால தொப்பி ரெண்டு போட்டு வச்சிட்டேன், ஒண்ணு கொஞ்சம் பெரிசு.

வெந்நீர்ல மட்டும் போடாத. சாக்ஸ் நூல்ல 25 சதவீதம் நைலான் இருக்கு, மிஷின்ல போட்டாலும் தாங்கற மாதிரி பதப்படுத்தினது, தொப்பி முழு கம்பளி, சூடும் குலுக்கலும் சேந்தா அப்டியே இறுகி கெட்டியாயிடும், திரும்பி வராது. போன தொப்பிய நீ மிஷின்ல போட்டு பொம்மைக்குதான் ஆகும்னு ஆக்குனியே, ஞாபகம் இருக்கில்ல. அதுக்கு முன்னாடி நீ போட்டுகிட்டு நின்ன போட்டோவ நான் எல்லார்கிட்டயும் காட்டியாச்சு, எம்பொண்ணுக்கு நான் போட்டதுன்னு. பச்ச தண்ணி, கையால அமுக்கி பிழியணும், முறுக்காத, தொங்க விடாத, தட்டையா விரிச்சி காய வை.

சாக்ஸ் போடறவங்களுக்கு ரெண்டாவது சாக்ஸ்தான் பெரிய கண்டம். ஒண்ண முடிச்சி கால்ல மாட்டி பாத்து சந்தோஷப்பட்டாச்சு, அதே வேலைய அச்சு அசலா திரும்ப செய்யணும்னா யாருக்கு மனசு வரும். பாதி பேரு வீட்ல ஒத்த சாக்ஸ்தான் இருக்கும். எகிப்துல கெடச்ச கம்பளி சாக்ஸ் லண்டன் மியூசியத்துல இருக்கு, செருப்பு போட வசதியா கட்டவெரல தனியா பிரிச்சி, 1600 வருஷத்துக்கு மேல ஆச்சாம். ஒத்த ஊசியால போட்டது, நம்ம பின்னல் வேற. அதுவும் பாரு ஜோடியா இருக்கு. அத்தன வருஷம் மண்ணுக்குள்ள கெடந்தும் பிரியல. சும்மா சொன்னேன்.

மாப்ளைக்கும் உனக்கும் நூல சேத்தே வாங்கினேன், ஒரே சாய நம்பர் பாத்து. கலர் பேரு ஒண்ணா இருந்தாலும் சாயம் முக்கின தடவ மாறினா நெறம் லேசா மாறும், பக்கத்துல வச்சா தெரிஞ்சிடும்.

அவர நிக்க வச்சி அளக்கணும்னு கூட இல்ல. ஷூவ திருப்பி பாத்தா நம்பர் இருக்கும், அத சொன்னாலும் நான் கணக்கு போட்டுக்குவேன். போன வாரம் வீடியோல உனக்கு பின்னாடி ஷூ ஸ்டாண்ட் தெரிஞ்சிது, அதுல பாக்கலாம்னு நெனச்சேன், உன்னுது மட்டும்தான் இருந்துச்சு. அவருது உள்ள வச்சிருப்பீங்க. உங்கம்மாவும் பாத்தா. அவ ஒண்ணும் சொல்லல, அன்னிக்கி ராத்திரி லைட்ட அணைச்சப்பறம்தான் கேட்டா, அவ தனியாவா சாப்டறான்னு. எனக்கு எப்டி தெரியும்னேன்.

நேரத்துக்கு சாப்டு. நீ வேலையில நல்லா இருக்கன்னு தெரியும், அதுல எனக்கு பெருமதான், ஆனா வாரத்துல ஒரு நாள் போன் பண்ணா என்ன கொறஞ்சிடும்? வெந்நீர் வேணாம், சொல்லிட்டேன்ல.

அளவு வேணாம்னாலும் சொல்லிடு. வேணாம்பான்னு ஒரு வார்த்த போதும், ஏன்னு கேக்க மாட்டேன். அந்த 72 ஸ்டிச்ச அவுத்துடுவேன், அவுத்த நூல் நெளி நெளியா வரும், நனச்சி காய வச்சா நேராயிடும், அதுலயே உனக்கு இன்னொரு ஜோடி போட்டு அனுப்பறேன். உனக்கு எத்தன ஜோடி இருந்தாலும் நல்லதுதான்.

என்கிட்ட சொல்ல சங்கடமா இருந்தா அம்மாகிட்ட சொல்லு. அவ கூப்டா போன எடு. அடுத்த வாரம் பார்சல் போடறேன், அதுக்குள்ள எதாவது ஒண்ணு எழுது, பெரிய தொப்பிய அதுல வைக்கவா வேணாமான்னாவது எழுது.

அப்பா