மூன்றாம் மாடி ஃப்ரீசருக்கு ஜெனரேட்டர் லைன் கேட்டு, கல்லூரி முதல்வருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு,

வணக்கம். கோப்பு உங்கள் மேசையில்தான் இருக்கிறது, எனவே பழைய கதையைத் திரும்பச் சொல்லவில்லை. போன சனிக்கிழமை இரவு மின்சாரம் போனதும், நோயாளிகளின் இரைப்பைப் புற்றுக்கட்டித் திசுக்களை நாங்கள் வைத்திருந்த மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் நின்றதும், திங்கள் காலை வரை யாரும் பார்க்காததும் தாங்கள் அறிந்ததே.

"திசுக்களைத் திரும்ப உள்ளே வைத்தாயிற்று, இழப்பு ஏதுமில்லை" என்று பராமரிப்புப் பிரிவு எழுதியிருக்கிறது. ஐயா, இது கறிக்கடை ஐஸ்பெட்டி இல்லை. டி.என்.ஏ. என்றால் ஓரளவு தாங்கியிருக்கும். ஆனால் திசு உருகினால் அதிலுள்ள நொதிகளே, புரதம் செய்ய மரபணுவிலிருந்து எடுக்கப்படும் நகலான ஆர்.என்.ஏ.வைத் துண்டு துண்டாக்கிவிடும். நாங்கள் தேடுவதோ அந்த ஆர்.என்.ஏ.வில் ஒட்டியிருக்கும் எம்6ஏ என்ற மீத்தைல் குறியை, அதாவது ஒரு சிறு வேதி அடையாளத்தை. மரபணுவில் ஓர் எழுத்துகூட மாறாமலே, எந்தப் புரதம் எவ்வளவு உருவாக வேண்டும் என்பதை அது மாற்றிவிடும். அந்தக் குறியை வைக்கும் மெட்டில்-3 நொதி இரைப்பைப் புற்றுக்கட்டிகளில் மிகுந்திருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. அந்த நொதியைத் தடுக்கும் எஸ்.டி.சி-15 என்ற மருந்து 2022இலேயே புற்றுநோயாளிகளிடம் சோதனைக்கு வந்துவிட்டது. ஆனால் அந்த இரைப்பை ஆய்வுகள் பெரும்பாலும் சீன நோயாளிகளின் திசுக்களில் நடந்தவை. சென்னை ஆண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய்களில் இரைப்பைப் புற்றும் ஒன்று. நம்மவர் கட்டிகளிலும் இதுதான் நடக்கிறதா என்று பார்க்கத்தான் இந்தத் திசுக்களை இத்தனை நாள் சேர்த்தோம்.

அறுவை அரங்கு வாசலில் நைட்ரஜன் குடுவையோடு காத்திருந்து, கட்டி வெளியே வந்த கையோடு உறையவைத்தவை அவை. ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வைத்தவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை. அவர்களிடம் இன்னொரு துண்டு கேட்க முடியாது.

பூட்டிக் கிடக்கும் கருத்தரங்கக் கூடத்தின் ஏ.சி.க்கு ஜெனரேட்டர் லைன் இருக்கிறது. எங்கள் ஃப்ரீசருக்கு மட்டும் "நிதி ஒதுக்கீடு பரிசீலனையில்". வாசல் பேனரில் "உலகத்தர ஆராய்ச்சி" என்று போட மட்டும் எந்தப் பரிசீலனையும் தேவைப்படவில்லை போலும். சரி, மன்னிக்கவும். கேட்க வந்தது இவ்வளவுதான்: அந்த ஃப்ரீசருக்கு ஒரு ஜெனரேட்டர் லைன், அப்புறம் குளிர் குறைந்தால் பணியில் இருப்பவரின் கைப்பேசிக்குத் தகவல் தரும் ஓர் அலாரம்.

அடுத்த வாரமும் இரைப்பை அறுவைகள் இருக்கின்றன. ஜெனரேட்டர் லைன் வருமா, நோயாளிகளிடம் நாங்கள் ஒப்புதல் கேட்கலாமா என்பதை அதற்குள் எழுத்தில் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
இரைப்பைப் புற்றுநோய்ப் பிரிவு ஆய்வு மாணவர்கள்