கயலுக்கு, உன் இரத்தப் பரிசோதனை குறித்து

அன்புள்ள கயல்,

பிசிஓஎஸ் எனும் சினைப்பைக் கோளாறோ என்று பார்க்க எடுத்து நீ அனுப்பிய அறிக்கையை நேற்றிரவு கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்று முறை படித்தேன். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் அளவுக்குப் பக்கத்தில், வரம்பைத் தாண்டியதென்று போட்டிருந்த அந்த ஒற்றை நட்சத்திரக் குறியைப் பார்த்துத்தான் நீ அழுதிருக்கிறாய் என்று புரிந்தது.

முடி உதிர்வுக்காக நீ நாள்தோறும் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுவதைப் பற்றி இரத்தம் எடுத்த இடத்தில் ஒருவரும் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. சில ஆய்வக முறைகள் பயோட்டினைக் கொண்டே இயங்குகின்றன. அதனால் இரத்தத்தில் அது மிகுந்திருந்தால் டெஸ்டோஸ்டிரோன் உள்ளதைவிடக் கூடுதலாகவும், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் குறைவாகவும் காட்டக்கூடும். மருத்துவரிடம் இதைச் சொல்லி, மாத்திரையை எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, அடுத்த மாதவிலக்கின் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் காலையில் மறுபடி இரத்தம் கொடு. பதற்றத்தாலேயே, பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் ஏறிவிடும் என்பதால், போனவுடன் கையை நீட்டாமல் சற்று நேரம் அமர்ந்திரு. தைராய்டும் சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரீனல் சுரப்பியும் தாறுமாறான மாதவிலக்கு போன்ற இதே தொந்தரவுகளைத் தரக்கூடும் என்பதால், டிஎஸ்எச்சோடு, அட்ரீனல் கோளாறைக் காட்டும் 17 ஹைட்ராக்ஸி புரொஜெஸ்டிரோனும் பார்த்துவிடுவது நல்லது.

ஸ்கேனில் 'நீர்க்கட்டி' என்று எழுதியிருப்பது உண்மையில் கட்டியே அல்ல. முழுதாக வளராமல் நின்றுவிட்ட சினைமுட்டைப் பைகள். தாறுமாறான மாதவிலக்கு, ஆண் ஹார்மோன் மிகுதி, சினைப்பையின் இந்தத் தோற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்து, வேறு காரணங்கள் இல்லையென்று உறுதியானால்தான் பிசிஓஎஸ் என்பது 2003இல் ராட்டர்டாமில் வகுத்த அளவுகோல். சினைமுட்டை வளர்ச்சியை இயக்கும் எல்எச், எஃப்எஸ்எச் ஹார்மோன்களின் விகிதம் அதில் இல்லை. அந்த வரியைப் பார்த்துக் கலங்காதே.

நீ பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது தினசரி நாட்காட்டியில் நான் பென்சிலால் வட்டமிட்ட தாள்களைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன். அப்போதே 45, 50 நாள் இடைவெளி இருந்திருக்கிறது. 'கல்யாணமானால் சரியாகிவிடும்' என்று ஒரு மருத்துவர், இதே தொந்தரவுக்காகப் போன உன் பெரியம்மாவை அனுப்பிவைத்தார். பின்னாளில் அவளுக்குச் சர்க்கரை நோய் வந்தது. அதனால் நீ 75 கிராம் குளுக்கோஸ் குடித்து எடுக்கும் சர்க்கரைப் பரிசோதனையையும் தவறாமல் செய்துகொள்.

அந்தத் தாள்களைப் படமெடுத்து இத்துடன் அனுப்புகிறேன், மருத்துவரிடம் காட்டு.

அம்மா