மியூவான் கணக்கும் டாக்கரும்

அன்புள்ள மாப்ளே,

"விண்டோஸில் நேரடியாக எதையும் இன்ஸ்டால் பண்ணாதே, டாக்கரில் போடு" என்று போனில் சொன்னாய் இல்லையா, புரோகிராம்களைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிகளில் ஓட்டும் அந்த மென்பொருளைப் போட்டுவிட்டேன். ஏற்காட்டில் நேற்று சாயந்திரத்திலிருந்து மழை, கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது, நெட் சுத்தமாக இல்லை, ஆனாலும் பேட்டரி தீரும்வரை அண்டக்கதிரில் வரும் மியூவான் என்ற நுண்துகளின் ஆயுளைப் பற்றிய என் கணக்கு நிற்காமல் ஓடியது. அந்தச் சந்தோஷத்தில்தான் உடனே எழுதுகிறேன்.

எம்.எஸ்சி. செய்முறைக்கு செர்ன் ஆய்வுக்கூடத்தின் ரூட் என்ற தரவு ஆய்வு மென்பொருள் வேண்டும். லேபில் இருப்பது ஒரு பதிப்பு, என் பைத்தான் வேறு, மூன்று ராத்திரி மல்லுக்கட்டியும் இரண்டும் ஒத்துப்போகவில்லை. கன்டெய்னர் என்றால் கம்ப்யூட்டருக்குள் இன்னொரு குட்டி கம்ப்யூட்டர் என்றுதான் நினைத்திருந்தேன், அது விர்ச்சுவல் மெஷினாம். கன்டெய்னருக்கென்று தனி கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கிடையாது, இருக்கிற லினக்ஸ் கெர்னலையே பங்குபோட்டுக்கொள்கிறது, புரோகிராமும் அதற்கு வேண்டிய லைப்ரரிகளும் மட்டும் கட்டுச்சோறு மாதிரி கூடவே வருகின்றன. விண்டோஸில் அந்தக் கெர்னலைக் கொடுப்பது விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 என்ற வசதி. என் லேப்டாப்பில் பயாஸ் என்ற தொடக்க அமைப்பில், அதற்கு வேண்டிய விர்ச்சுவலைசேஷன் வசதி ஆஃப் ஆகிக் கிடந்தது, அதை ஆன் பண்ணியதும் டாக்கர் எழுந்துகொண்டது.

கன்டெய்னரை உருவாக்கும் மூலக் கட்டான இமேஜ் சில ஜிபி, இங்கே இருக்கும் சிக்னலில் இறங்காது. 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி அஸ்தம்பட்டி அக்கா வீட்டு வைஃபையில் இறக்கினேன், மாமா வாங்கி வந்த தட்டுவடை செட் தீருவதற்குள் முடிந்துவிட்டது. ஒருமுறை இறக்கினால் போதும், அப்புறம் நெட்டே வேண்டாம் என்பது மலையில் இருக்கிறவனுக்கு எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா!

ஒரு அடியும் பட்டேன். முதல் நாள் ராத்திரி ஒரு மணிவரை மியூவான்கள் சிதைய எடுத்த நேரங்களை ஹிஸ்டோகிராமாகப் போட்டு, சிதைவைக் காட்டும் எக்ஸ்போனென்ஷியல் வளைகோட்டோடு பின்னணிக்கு ஒரு மாறிலியும் சேர்த்து ஃபிட் பண்ணி, கன்டெய்னருக்குள்ளேயே சேமித்துவிட்டுப் படுத்தேன். ரன் கட்டளையில், வேலை முடிந்ததும் அழித்துவிடு என்று சொல்லும் ஆர்எம் போட்டிருந்ததால் நிறுத்தியவுடன் கன்டெய்னரோடு எல்லாமே அழிந்துபோயிருந்தது. காலையில் வெறும் ஃபோல்டரைப் பார்த்தபோது வயிறு எரிந்தது மாப்ளே. இப்போது மைனஸ் வி போட்டு என் ஃபோல்டரை உள்ளே இணைத்துவிட்டுத்தான் தொடங்குகிறேன். கன்டெய்னர் போனாலும் கணக்கு விண்டோஸ் பக்கம் பத்திரமாக இருக்கும்.

திரும்பப் போட்டதில் மியூவான் ஆயுள் 2.12 மைக்ரோ விநாடி வந்திருக்கிறது. புத்தகத்தில் 2.197. குறைவாக வந்ததே என்று முதலில் பதறினேன், அப்புறம்தான் விளங்கியது: எதிர்மின் மியூவான்களில் சிலவற்றை, துகள் பட்டால் ஒளிரும் சின்டிலேட்டரின் கார்பன் அணுக்கரு பிடித்துக்கொள்வதால் சராசரி கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். டிடெக்டரை ஒருநாள் மேலே கொண்டுவந்து எண்ண வேண்டும் என்று ஆசை, உயரத்தில் எண்ணிக்கை சேலத்தைவிடக் கூடுதலாக வர வேண்டும்.

டாக்கர் சேவ் கொடுத்து இமேஜை டார் ஃபைலாகப் பென்டிரைவில் எடுத்து, கூடப் படிக்கிற இருவருக்குக் கொடுத்தேன், லோடு பண்ணியதும் எனக்கு வந்த அதே விடை அவர்களுக்கும் வந்தது. இன்னொரு பெண்ணிடம் ஏஆர்எம் வகைச் சிப்பு உள்ள எம்1 மேக் இருக்கிறது. இன்டெல்லுக்குக் கட்டிய இமேஜ் அதில் இன்டெல்லைப் போல நடிக்கும் எமுலேஷனில் இழுத்து இழுத்துத்தான் ஓடுகிறது. ஏஆர்எம்முக்கு நாமே கட்டிக்கொள்வது எப்படி என்று விவரமாக எழுது, அடுத்த வாரம் அவள் ரெக்கார்டு வைக்க வேண்டும்.

அன்புடன்,
உன் மாப்ளே