எரிக்கப்பட்ட கப்பலும் எஞ்சிய ஊரும்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தி அறிந்து வீட்டில் அனைவரும் மகிழ்ந்தோம்.

மகன் எங்களை அலபாமா மாநிலத்து மொபில் நகருக்கு அழைத்துச் சென்றிருந்தான். அந்நகரின் ஆப்பிரிக்காடவுன் பகுதியில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட பாரம்பரிய இல்லம் என்னும் காட்சியகத்தைப் பற்றி உங்களுக்கு எழுதாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

அமெரிக்காவுக்குள் அடிமைகளைக் கொண்டுவருவது 1808-லேயே தடை செய்யப்பட்டுவிட்டது. ஆயினும் 1860-இல் டிமத்தி மீஹர் என்னும் செல்வந்தர், இன்றைய பெனின் நாட்டுக் கரையிலிருந்து ஏறத்தாழ 110 பேரை க்ளோடில்டா என்ற கப்பலில் கடத்திவரச் செய்தார். தடயம் அழிவதற்காகக் கப்பலுக்குத் தீ வைத்து ஆற்றில் மூழ்கடித்தார்கள். குற்றத்திற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

1865-இல் விடுதலை பெற்றவர்கள் தாயகம் திரும்பவே விரும்பினார்கள். வழிச்செலவுக்குப் பணமில்லாததால், தங்களைக் கொண்டுவந்த மீஹரிடமே குடியிருக்க நிலம் கேட்டார்கள், அவர் மறுத்துவிட்டார். பிறகு மர அறுப்பாலைகளில் உழைத்துச் சேர்த்த கூலியைக் கொண்டு அவர்களே நிலம் வாங்கி, தேவாலயமும் பள்ளியும் கட்டி ஆப்பிரிக்காடவுன் என்ற இந்த ஊரை உருவாக்கினார்கள். அவர்களுள் ஒருவரான கொசோலா, கட்ஜோ லூயிஸ் என்ற பெயரில் 1935 வரை வாழ்ந்து, பிறந்த ஊரையும் பிடிபட்ட நாளையும் கேட்டவர்களுக்கெல்லாம் எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

கப்பல் அகப்படாதவரை இதைக் கட்டுக்கதை என்று ஒதுக்கியவர்களும் உண்டு. சேற்றில் புதைந்திருந்த சிதைவு க்ளோடில்டாதான் என்று 2019-இல் ஆய்வாளர்கள் உறுதி செய்தார்கள். அதன் மரத்துண்டுகள் சிலவற்றை இந்த இல்லத்தில் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். நெடுங்காலம் நீரில் ஊறிய மரம் உலர்ந்தால் வெடித்துச் சிதைந்துவிடுமாம். கறுத்து, ஓரம் அரிக்கப்பட்ட அந்தத் துண்டுகளின் முன் வெகுநேரம் நின்றேன்.

ஆனால் என்னை அதைவிடக் கவர்ந்தது, இந்தக் காட்சியகம் முதலாளியையோ கப்பலையோ நடுவில் வைக்காமல், கொண்டுவரப்பட்ட மக்களின் ஆப்பிரிக்க வாழ்விலிருந்தே வரலாற்றைத் தொடங்குவதுதான். தலைமுறை தலைமுறையாக அம்மக்கள் சொல்லிவந்ததை ஏற்பதற்கு ஒரு மரத்துண்டு வெளிப்படும்வரை காத்திருந்தது பெரும் அநீதி என்றே நான் கருதுகிறேன். தலைநகரத்துப் பெரிய அருங்காட்சியகத்திற்குப் போய்விடாமல், வழித்தோன்றல்கள் இன்றும் குடியிருக்கும் ஊரிலேயே இது அமைந்திருப்பது மிகவும் பொருத்தம்.

வரலாறு கற்பித்தவர் நீங்கள். வாய்மொழிச் சான்றுகளைப் பற்றிய உங்கள் கருத்தை விரிவாக எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்