உள்காற்றுப் பொத்தானுக்கு ஒரு நேரக்கெடு வையுங்கள்: கார் வடிவமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கார்களின் ஏசி அமைப்பை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கும், வாங்குபவர் கையில் கொடுக்கும் கையேட்டை எழுதுபவர்களுக்கும்,

வணக்கம்.

ஏசி ஸ்விட்சுக்குப் பக்கத்தில் ஒரு படம் போட்ட பொத்தான் இருக்கிறது. கார் உருவம், அதற்குள்ளேயே வளைந்து திரும்பும் ஓர் அம்பு. அழுத்தினால் வெளிக்காற்று அடைபட்டு, உள்ளே இருக்கிற காற்றே திரும்பத் திரும்பச் சுற்றும். கார் ஏசி வேலை பார்க்கும் நாங்கள் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அந்தப் பொத்தான், அழுத்தியவர் மறந்துபோனால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கக் கூடாது. சில நிமிடங்களில் கார் தானாகவே வெளிக்காற்றுக்குத் திரும்ப வேண்டும். முழுக்கத் திறக்க முடியாத வெயில் என்றால் கொஞ்சமாவது திறக்க வேண்டும்.

எங்கள் கணக்கைப் பாருங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.3 லிட்டர் கார்பன் டை ஆக்சைடை வெளியே விடுகிறார். ஒரு சாதாரண காரின் உள்ளே இருக்கும் காற்று சுமார் 3,000 லிட்டர். நான்கு பேர் ஏறிக்கொண்டு, கண்ணாடியை ஏற்றி, உள்காற்றில் வைத்தால் அந்த வாயு நிமிடத்துக்கு 400 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 400 பங்கு) வீதம் ஏறும். வெளியே இருப்பதே 420 பிபிஎம் அளவுதான். அதாவது ஒவ்வொரு நிமிடமும் வெளியில் உள்ள அளவு இன்னொரு முறை சேர்கிறது. ஓடும்போது கதவு ரப்பர் வழியாகக் கொஞ்சம் காற்று கசிந்து வருவதால் உண்மையில் இதைவிட மெதுவாக ஏறும். ஆனாலும் நன்றாக அடைபட்ட காரில் கால் மணி நேரத்துக்குள் 2,500-ஐத் தாண்டிவிடும். அறைக்குள் 1,000 தாண்டினாலே காற்றோட்டம் போதவில்லை என்று எடுத்துக்கொள்வது வழக்கம். பல நாடுகளில் எட்டு மணி நேர வேலைக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பு 5,000.

ஆக்சிஜன் தீர்ந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அது சரியில்லை. கார்பன் டை ஆக்சைடு 5,000 பிபிஎம் ஏறினாலும் ஆக்சிஜன் அரை சதவீத அளவுதான் குறையும். பிரச்சினை மூச்சுத் திணறல் அல்ல, மந்தம். கொட்டாவி வரும், தலை கனக்கும், கண் இமை தாழும். நீண்ட நேரம் வண்டி ஓட்டுபவர் அதை வெறும் களைப்பு என்று நினைத்துக்கொள்வார். கையை நீட்டி ஒரு பொத்தானை மாற்றினால் தெளியக்கூடிய மந்தம் அது என்று அவருக்குத் தெரியாது. உங்கள் கார்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் இன்னும் இறுக்கமாக அடைபடுகின்றன. இரைச்சல் குறைகிறது, நல்லதுதான். அதே அளவுக்குக் கசிவும் குறைகிறது.

மக்கள் அந்தப் பொத்தானை அழுத்துவதில் தப்பில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வெளியே 38 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்று வையுங்கள். ஏசியின் விசிறியான ப்ளோயர் மணிக்கு 300 கன மீட்டர் காற்றைத் தள்ளுகிறது. அத்தனையும் வெளிக்காற்றாக இருந்தால், ஏற்கெனவே 25 டிகிரிக்கு வந்த உள்காற்றைக் குளிர்விப்பதைவிடக் கூடுதலாகச் சுமார் 4 கிலோவாட் சுமை, காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில் மேல் விழும். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு காற்றில் உள்ள ஈரத்தை வடிப்பதற்கே போகிறது. அதனால்தான் புழுக்கமான நாளில் வெளிக்காற்றில் வைத்தால் கார் குளிர்வதே இல்லை என்று தோன்றுகிறது. முழு உள்காற்று, முழு வெளிக்காற்று என்ற இரண்டே நிலைகளைக் கொடுத்தால், வெயிலில் ஓட்டும் யாரும் முதலாவதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள்.

ஆனால் இடையில் ஒரு நிலை இருக்கிறது. உள்காற்றுக்கும் வெளிக்காற்றுக்கும் வழியை மாற்றிவிடும் தட்டான ஃப்ளாப்பைச் சிறிது திறந்து, தள்ளும் காற்றில் 20 சதவீதம் மட்டும் வெளியிலிருந்து எடுத்தால் கூடுதல் சுமை 4 கிலோவாட் அல்ல, 0.8 கிலோவாட். கிடைக்கும் புதுக்காற்று மணிக்கு 60 கன மீட்டர். நான்கு பேர் இருந்தாலும் அளவு 1,600 பிபிஎம் பக்கத்தில் நின்றுவிடும். ஓட்டுநர் மட்டும் இருந்தால் 700-ஐக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஆனால் இந்த 20 சதவீதத்தை நிரந்தர எண்ணாக வைத்துவிடாதீர்கள். ப்ளோயரைக் குறைந்த வேகத்தில் வைத்து, மொத்தமே மணிக்கு 100 கன மீட்டர் ஓடினால், 20 சதவீதம் என்பது 20 கன மீட்டர்தான். நான்கு பேருக்கு அப்போது 4,000-க்குப் போய்விடும். ப்ளோயர் வேகம் குறையக் குறைய ஃப்ளாப் அதிகம் திறக்க வேண்டும். ப்ளோயர் எந்த வேகத்தில் ஓடுகிறது என்பது உங்கள் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு ஏற்கெனவே தெரியும். சீட் பெல்ட் சென்சாரை வைத்து எத்தனை பேர் என்பதையும் ஓரளவு சொல்லலாம். விலை உயர்ந்த சில மாடல்களில் பாதித் திறப்பும் காற்றுத் தர சென்சாரும் இப்போதே இருக்கின்றன. அதைக் கீழ் மாடலுக்கும் கொண்டு வாருங்கள் என்றுதான் கேட்கிறோம்.

கேபிள் இழுக்கும் நெம்புகோல் வைத்த மாடல்கள்தான் எங்களுக்குப் பெரிய கவலை. நெம்புகோலுக்கு ஞாபகம் வேறு வேண்டியதில்லை, போன கோடையில் தள்ளிய இடத்திலேயே இந்த மழைக்காலத்திலும் நிற்கும். அதற்குப் பதிலாக ஃப்ளாப்பை நகர்த்தும் ஒரு சிறிய ஆக்சுவேட்டர் மோட்டாரும் நேரங்காட்டியும் போதும். பத்து நிமிடம் உள்காற்று, பிறகு வெளிக்காற்று. இன்னும் வேண்டுமென்றால் ஓட்டுநர் மறுபடி அழுத்தட்டும். வண்டியை அணைத்து மீண்டும் கிளப்பினால் பழைய நிலையை நினைவில் வைக்காமல் வெளிக்காற்றிலிருந்தே தொடங்கட்டும்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. சில கார்களில் குளிரை உச்சத்துக்குத் திருப்பினாலே உள்காற்று தானாக விழுந்துவிடும். பிறகு குளிரைக் குறைத்தாலும் அது விலகுவதில்லை. தான் அழுத்தாத பொத்தானை அணைக்க வேண்டும் என்று எந்த ஓட்டுநருக்கும் தோன்றாது. கார் தானாகப் போட்டதைக் காரே எடுத்துவிடட்டும்.

கண்ணாடி மங்கும் விஷயத்துக்கு வருவோம். மழையில் இது கார்பன் டை ஆக்சைடைவிட உடனடி ஆபத்து. ஒருவர் மூச்சிலும் வியர்வையிலும் மணிக்கு ஏறத்தாழ 50 கிராம் ஈரத்தை விடுகிறார். நான்கு பேர் கால் மணி நேரத்தில் 50 கிராம். 20 டிகிரியில் 3 கன மீட்டர் காற்று தாங்குவதே ஏறத்தாழ 52 கிராம்தான், அதில் ஒரு பகுதி ஏற்கெனவே காற்றில் இருக்கும். ஏசிக்குக் குளிரைத் தரும் கம்ப்ரசர் ஓடாமல் உள்காற்றில் வைத்தால் மிச்சம் எங்கே போகும்? குளிர்ந்த முன்கண்ணாடியில்தான் படியும். இன்னும் மோசமான நிலை ஒன்று உண்டு. ஏசி ஓடிக்கொண்டிருந்துவிட்டு கம்ப்ரசரை மட்டும் அணைத்தால், கூலிங் காயிலில் தேங்கிய நீர் ப்ளோயர் காற்றில் ஆவியாகி, சில நொடிகளில் கண்ணாடி முழுக்கப் படரும். அந்த நேரம் பார்த்து உள்காற்றும் போட்டிருந்தால் எதிரே வரும் வண்டியே தெரியாது. கண்ணாடி மங்கலைப் போக்கும் டிஃப்ராஸ்ட் பொத்தானை அழுத்தினால் வெளிக்காற்றும் கம்ப்ரசரும் சேர்ந்து இயங்கும்படி பல கார்களில் வைத்திருக்கிறீர்கள். எல்லாக் கார்களிலும் வையுங்கள். உள்பக்கம் மங்கினால் துணியால் துடைக்காமல் டிஃப்ராஸ்ட் போட வேண்டும் என்றும், புழுக்கமான நாளில் வெளிப்பக்கம் மங்கினால் வைப்பரைப் போட்டு, கண்ணாடிக்குப் போகும் குளிரைக் குறைக்க வேண்டும் என்றும் கையேட்டில் எழுதுங்கள். இரண்டையும் மக்கள் ஒன்றாக நினைத்துக் குழம்புகிறார்கள்.

கையேட்டில் இப்போது இந்தப் பொத்தானைப் பற்றி ஒன்றிரண்டு வரிதான் இருக்கிறது. அதற்குப் பதில் ஓட்டுநருக்கு வேண்டிய நான்கு விஷயங்களைச் சொல்லலாம். வெயிலில் நிறுத்திய கார் உள்ளே 60 டிகிரியைத் தொடும். அப்போது வெளிக்காற்றுதான் குளிர்ந்தது. ஆகவே முதலில் கண்ணாடியை இறக்கி, வெளிக்காற்றில் ப்ளோயரை முழு வேகத்தில் ஓட்டி, ஓரிரு நிமிடம் கழித்து உள்காற்றுக்கு மாற வேண்டும். சுரங்கப் பாதைக்கோ புகை கக்கும் லாரிக்கோ பக்கத்தில் போகிறீர்களா, நுழைவதற்கு முன்பே உள்காற்றைப் போட வேண்டும். புகை உள்ளே வந்த பிறகு போட்டால் அந்தப் புகையைத்தான் அடைத்து வைக்கிறோம். ஃபில்டர் தூசியைப் பிடிக்கும், கரி சேர்த்த ஃபில்டர் சில வாயுக்களையும் பிடிக்கும். கார்பன் மோனாக்சைடை எதுவும் பிடிக்காது. அதனால் எஞ்சினை ஓடவிட்டு ஏசியில் தூங்குவது எந்தப் பொத்தானிலும் பாதுகாப்பில்லை: வெளிக்காற்றில் வைத்தால் புகை உறிஞ்சப்படலாம், உள்காற்றில் வைத்தால் கசிந்து வந்தது வெளியேறாது.

பிறகு பராமரிப்பு. ஃப்ளாப் வேலை செய்கிறதா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். ப்ளோயரை முழு வேகத்தில் வைத்துப் பொத்தானை மாற்றி மாற்றி அழுத்துங்கள். உள்காற்றுக்கு வரும்போது க்ளவ் பாக்ஸ் பக்கம் இரைச்சல் கூட வேண்டும். க்ளவ் பாக்ஸுக்கு அடியில் காற்றை இழுக்கும் வாயருகே ஒரு மெல்லிய டிஷ்யூ தாளைப் பிடித்தால் உள்காற்றில் அது ஒட்டிக்கொள்ளும், வெளிக்காற்றில் தொங்கும். இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தால் ஃப்ளாப் நகரவில்லை. டிக் டிக் என்று சத்தம் வந்தால் மோட்டாரின் பிளாஸ்டிக் பல் உடைந்திருக்கும். காற்றோடு கறுப்பாகச் சிறு துகள்கள் பறந்து வந்தால் ஃப்ளாப் விளிம்பின் ஸ்பாஞ்ச் உதிர்கிறது, அதன் பிறகு அது எந்த நிலையிலும் முழுசாக மூடாது. ஃபில்டரில் போட்டிருக்கும் அம்பு காற்றோட்டத் திசையைக் காட்டுகிறது, மாற்றிப் போடுபவர்கள் ஏராளம். முன்கண்ணாடிக்குக் கீழே வெளிக்காற்று நுழையும் ஜாலியில் இலைகள் அடைத்தால் புதுக்காற்றும் குறையும், மழைநீரும் தேங்கும்.

கடைசியாக ஒன்று, வெளியேறும் வழி. உள்ளே வந்த காற்று வெளியே போவதற்காகப் பின்பக்கம் பம்பருக்கு உள்ளே ரப்பர் நாக்கு வைத்த திறப்புகளை நீங்களே வைத்திருக்கிறீர்கள். டிக்கியில் தரைவிரிப்பு, ஸ்பீக்கர் பெட்டி, இரைச்சல் தடுக்கும் ஷீட் என்று போட்டு மூடிவிடுகிறார்கள். அடைத்துவிட்டால் பொத்தான் சரியாக இருந்தாலும் வெளிக்காற்று நுழைய இடமில்லை. எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு ஒரு கதவைச் சாத்திப் பாருங்கள்: காது அடைப்பது போல இருந்தால், கதவு வழக்கத்தைவிட அழுத்தம் கேட்டால், அந்தத் திறப்புகள் அடைபட்டிருக்கின்றன என்று சந்தேகப்படலாம். இந்த ஒரு சோதனையை வருடாந்தர சர்வீஸ் பட்டியலில் சேருங்கள். ஒரு நிமிட வேலை.

இப்படிக்கு,
கார் ஏசி பழுதுபார்க்கும் தொழிலாளர்கள்