தம்பிக்கு, நீ அனுப்பிய ஆல்பங்களைப் பற்றி

பழங்காநத்தம், மதுரை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனாலும் டாக்டர் மாத்திரையைக் குறைக்கவில்லை. போனில் பேசினால் பாதியிலேயே "மீட்டிங் இருக்கும்மா" என்று வைத்துவிடுகிறாய். எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. அதனால்தான் தாளில் எழுதுகிறேன். அப்பா போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். எழுத்து கோணலாகத் தெரிந்தால் அது போட்டோ எடுத்தவர் கை.

முதலில் உன்னோடு ஒரு சண்டை. உலகத்தின் சிறந்த ஆல்பங்கள் என்று ஒரு லிஸ்டை அனுப்பிவிட்டு, "ஆல்பம் என்றால் இந்த லிஸ்டில் இருப்பதுதான்மா, நம்மகிட்ட இருக்கிறது எல்லாம் சினிமாப் பாட்டு" என்றாய். பாதி உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். உன் மாமா டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்த காலத்தில் அட்டை எழுதுகிற வேலை என்னுடையது. ஆட்கள் ஒரு டிடிகே 60 கேசட்டும், துண்டுச் சீட்டில் பாட்டுப் பட்டியலும் கொண்டுவருவார்கள். ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம். கடைசிப் பாட்டு முடிவதற்குள் நாடா தீர்ந்துவிட்டால் மறுநாள் சண்டைக்கு வந்துவிடுவார்கள். அதனால் நிமிஷங்களைக் கூட்டிப் பார்த்து, எதற்குப் பின்னால் எதைப் போடுவது என்று நானே மாற்றி அடுக்குவேன். ஒப்பாரி மாதிரி ஒரு பாட்டு முடிந்த கையோடு டப்பாங்குத்து வந்தால் கேட்கிறவனுக்கு இரண்டுமே கெட்டுவிடும். (காப்பிரைட் என்று ஒன்று இருப்பதாகத் தெருவில் அப்போது யாரும் பேசியதில்லை. நீ பெரிய கம்பெனியில் இருக்கிறாய், இதை அங்கே சொல்லிவைக்காதே.)

அந்தப் பழக்கத்தில்தான் நீ அனுப்பியதையும் கேட்டேன். ஒரு ஆல்பத்தில் ஏதாவது ஒன்றை இடம் மாற்றிப் போட்டால் மொத்தமும் கெட வேண்டும். கெடவில்லையென்றால் அது நல்ல பாட்டுகளைச் சேர்த்துக் கட்டிய கட்டு, அவ்வளவுதான். என் தராசு இது. உலகம் எத்தனையாவது இடம் கொடுத்திருக்கிறது என்பதைப் பார்க்கவில்லை.

மைல்ஸ் டேவிஸின் ஜாஸ் ஆல்பம் "கைண்ட் ஆஃப் ப்ளூ" என்னைப் பிடித்துக்கொண்டது. 1959இல் நியூயார்க்கில், முன்பு தேவாலயமாக இருந்த ஒரு கட்டடத்தில் பதிவு செய்தார்களாம். அந்தக் கூரையின் உயரம் ஒலியில் தெரிகிறது. முதல் உருப்படி "ஸோ வாட்" ஓடும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதில் வருகிற சுரங்கள் நம் கரகரப்பிரியா ராகம். சுரத்தை அசைக்கிற கமகம் கிடையாது, ராகத்துக்கே உரிய பிடி கிடையாது, ஆனால் ஏழு சுரமும் அதேதான். நீ எண்ணிப் பார்: பதினாறு அளவு (ஒரு அளவு என்றால் தாளத்தில் நாலு எண்ணிக்கை) அதில் நிற்கிறார்கள், அப்புறம் எட்டு அளவுக்கு மொத்தப் பேரும் அரைக்கட்டை மேலே ஏறுகிறார்கள், திரும்ப எட்டு அளவுக்குக் கீழே இறங்கிவிடுகிறார்கள். இரண்டு கட்டைச் சுருதியில் பாடிக்கொண்டிருக்கிறவர் நடுவில் இரண்டரைக்குப் போய்வந்தால் நம் கச்சேரியில் தம்புராக்காரர் எழுந்து போய்விடுவார். இங்கே அந்த ஏற்றத்தில்தான் உயிர் இருக்கிறது.

மைல்ஸ் டேவிஸ் டிரம்பெட் ஊதுவதில் எனக்குப் பிடித்தது, அவர் ஊதாமல் விடுகிற இடம். ஒரு சொல் சொல்கிறார், நிறுத்துகிறார், பியானோவைப் பேசவிட்டுப் பார்க்கிறார். பின்னால் சாக்ஸபோனோடு வருகிற கோல்ட்ரேன் அப்படியில்லை. மூச்சு விட மறந்த ஆள். இரண்டு பேரையும் அடுத்தடுத்து நிறுத்தியதுதான் கெட்டிக்காரத்தனம். இன்னொன்று, அதன் ஏ சைடில் உள்ள மூன்றையும் பதிவு செய்த மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. அதனால் இசைத்தட்டில் அவை சற்றே சுருதி ஏறிக் கேட்டிருக்கின்றன. 1990களில்தான் சரிசெய்தார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் உலகமே ஏறிய சுருதியில் கேட்டு மயங்கியிருக்கிறது! எங்கள் கடையில் டெக்கின் பெல்ட் தளர்ந்து, பதிந்த கேசட்டெல்லாம் கீச்சுக் குரலில் பாடியபோது உன் மாமாவுக்கு இந்தக் கதை தெரிந்திருந்தால் வாடிக்கையாளர்களிடம் தைரியமாகச் சொல்லியிருப்பார்.

பிங்க் ஃப்ளாய்டின் "டார்க் சைட் ஆஃப் தி மூன்" 1973இல் வந்தது. இதயத்துடிப்பில் தொடங்கி இதயத்துடிப்பில் முடிகிறது, நடுவில் கத்தி வைக்க இடமில்லை. என் தராசில் தேறியது. அதில் "மணி" என்கிற பாட்டு ஏழு எண்ணிக்கை. தொடையில் நம் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு போட்டுப் பார்த்தேன், அப்படியே உட்கார்ந்தது. கிடார் தனியாக வாசிக்க வரும்போது மட்டும் நாலுக்கு மாறிவிடுகிறார்கள். ஏழில் வாசிக்கச் சிரமம் போலிருக்கிறது, நம் மிருதங்கக்காரர் யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். முதலில் வருகிற அந்தச் சில்லறைக் காசுச் சத்தத்தை நாடாவை ஸ்கேலால் அளந்து வெட்டி, ஒட்டி, வட்டமாக ஓடவிட்டுச் செய்திருக்கிறார்கள். பிளேடும் செல்லோடேப்பும் வைத்து அறுந்த நாடாவை ஒட்டியவள் நான். அதன் அருமை எனக்குத் தெரியும்.

அதே ஆல்பத்தில் ஒரு பெண் சொல்லே இல்லாமல் பாடுகிறாள் பார், கிளேர் டோரி என்று பெயர். நம் ஊரில் அதற்கு ஆலாபனை என்று பெயர் வைத்து, பாடகரின் சொத்தாகக் கொண்டாடுவோம். அங்கே ஒரு நாள் கூலி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தப் பாட்டை உருவாக்கியதில் தனக்கும் பங்குண்டு என்று 2004இல் அவர் வழக்குப் போட்ட பிறகுதான் பெயர் சேர்த்தார்கள். மெட்டுப் போட்டவர் ஒருவர், அதற்குள் போய் நின்று உருகியவர் இன்னொருவர். கற்பனை முழுக்க அந்தப் பெண்ணுடையது. நீ அடுத்த முறை கேட்கும்போது அவள் குரல் கடைசியில் தணிகிற இடத்தைக் கவனி. உரக்கப் பாடுகிற இடத்தைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள்.

பீட்டில்ஸின் "சார்ஜன்ட் பெப்பர்" எனக்கு ஒட்டவில்லை. 1967க்கு அது புதுமை, நாலு டிராக் மெஷினில் அத்தனையும் செய்தது பெரிய விஷயம், எல்லாம் சரி. ஆனால் ஒவ்வொரு பாட்டும் ஒரு வேஷம் கட்டிக்கொண்டு வருகிறது. திருவிழாக் கடைவீதியில் நடந்த மாதிரி இருக்கிறது, நின்று பார்க்க ஒரு கடையும் மனசுக்கு வரவில்லை. அதில் ஜார்ஜ் ஹாரிசன் நம் வாத்தியங்களோடு ஒரு பாட்டு பாடுகிறார். தில்ரூபா என்கிற வில் வாத்தியம் வாசித்த அந்த இந்தியக் கலைஞர்களின் பெயர் உறையில் எங்கேயும் அச்சிடப்படவில்லை. அட்டைப் படத்திலோ உலகத்துப் பெரிய மனிதர்கள் முகமெல்லாம் இருக்கிறது, நம் ஊர்ச் சாமியார்கள்கூட இருக்கிறார்கள். காந்தியை மட்டும் வைத்துவிட்டு, இந்தியாவில் கோபப்படுவார்கள் என்று கம்பெனி எடுக்கச் சொல்லிவிட்டதாம். வாசித்தவனுக்குப் பெயர் போடாததற்கு யாரும் கோபப்பட மாட்டார்கள் என்று நினைத்துவிட்டார்கள். அதே ஆட்களின் "ஆபி ரோடு" இரண்டாம் பக்கம் எவ்வளவோ தேவலை. துண்டு துண்டான பாட்டுகளை ஒன்றில் ஒன்றை நுழைத்துக் கொண்டுபோகிறார்கள். அடுக்குகிற வேலை தெரிந்தவன் செய்தது.

மைக்கேல் ஜாக்சனின் "திரில்லர்" நல்ல பாட்டுகளின் கட்டு. பாத்திரம் கழுவும்போது போட்டுக்கொள்கிறேன்.

இப்போது நம் பக்கத்துக்கு வருகிறேன். எம்.எஸ். அம்மாவின் சுப்ரபாதம் 1963இல் வந்த எல்.பி. நீ முகம் சுளிப்பது தெரிகிறது, டீக்கடையிலும் கோயில் குழாய் ஸ்பீக்கரிலும் கேட்டுக் கேட்டு உனக்கு அது வெறும் காலைச் சத்தமாகிவிட்டது. சாமியை ஒரு நாள் ஒதுக்கி வைத்துவிட்டு ஹெட்போனில் கேள். சுப்ரபாதம், ஸ்தோத்திரம், பிரபத்தி, மங்களாசாசனம் என்று நாலு பகுதி. எழுப்புவது, துதிப்பது, சரணடைவது, வாழ்த்துவது. இதில் எதை நீ இடம் மாற்றுவாய்? வேகம் கடைசிவரை ஏறவில்லை, குரலும் எங்கேயும் தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை. கூடப் பாடுவது ராதா விஸ்வநாதன். எது தாய்க்குரல், எது மகள் குரல் என்று பிரிக்க முடியாத இடங்கள் நிறைய உண்டு. மூச்சு எடுக்கிற இடத்தைக் கண்டுபிடிக்க நான் முயன்று பார்த்து விட்டுவிட்டேன். எம்.எஸ். அம்மா நம் அனுமந்தராயர் கோயில் தெருவில் பிறந்து, பத்து வயதில் முதல் இசைத்தட்டுக்குப் பாடிய பெண். நீ பள்ளிக்கூடத்துக்குப் போகிற நாளில் அந்தத் தெருவைக் கடந்துதான் போனாய்.

"கால் ஆஃப் தி வேலி" 1967. சிவ்குமார் சர்மா குச்சியால் தந்தியைத் தட்டி வாசிக்கிற சந்தூர், ஹரிபிரசாத் சௌராசியாவின் குழல், பிரிஜ் பூஷண் காப்ராவின் கிடார். காஷ்மீரில் ஓர் இடையனின் ஒரு நாள்தான் கதை. காலையில் ஆஹிர் பைரவ் ராகம், நம் சக்கரவாகம் மாதிரி. பொழுது சாய்ந்ததும் பூப், நம் மோகனம். நேரமே வரிசையாகிவிட்டபடியால் மாற்றியடுக்க வழியில்லை. இதை யாராவது உசிலம்பட்டிப் பக்கத்து ஆட்டுக்காரரை வைத்துச் செய்தால் நன்றாக இருக்கும் என்று அப்பாவிடம் சொன்னேன். அந்த ஆட்டுக்காரர் டிரான்சிஸ்டரில் சினிமாப் பாட்டு ஓடும், அதுதான் ஆல்பம் என்றார் அப்பா.

"ஷக்தி" 1975இல் அமெரிக்காவில் மேடையில் வாசித்ததைப் பதிந்தது. முதல் உருப்படி மட்டும் பதினெட்டு நிமிஷம். ஜான் மெக்லாக்லின் கிடாரை எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதில் விக்கு விநாயக்ராமின் கடமும் ராம்நாட் ராகவனின் மிருதங்கமும்தான். சின்ன வயதில் உன்னை மானாமதுரைக்குக் கூட்டிப்போனபோது கடம் தட்டிப் பார்த்து விரலை ஊதிக்கொண்டாயே, அவ்வளவு கனமான மண். அந்த வாத்தியத்தை இத்தனை வேகத்தில், ஒரு வெள்ளைக்காரக் கூட்டத்தின் முன்னால் வாசிக்கிறார்கள். கூட்டம் கத்துகிறது. கத்தாமல் என்ன செய்யும்? இரண்டாம் பக்கம் கொஞ்சம் இழுக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி நம் பண்ணைப்புரத்துக்காரர் இளையராஜா. தேனி தனி மாவட்டம் ஆவதற்கு முன்னால் அதுவும் மதுரை மாவட்டம்தான், அதனால் உரிமையோடு பேசலாம். "ஹவ் டு நேம் இட்" 1986இல் வந்தபோது கடைக்கு வந்த ஆட்கள் "பாட்டே இல்லையேக்கா, வெறும் மியூசிக்கா?" என்று திருப்பிக் கொடுத்தார்கள். தியாகராஜருக்கும் ஜெர்மனி இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாகச் செய்தது. பாக் தனி வயலினுக்கு எழுதிய ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு, அதன் பக்கத்திலேயே தன்னுடைய வரி ஒன்றை நடக்கவிடுகிறார். மூலத்தில் கை வைக்கவில்லை, ஆனால் அது வேறொன்றாகிவிடுகிறது. அந்த உருப்படிக்குப் பெயர் பாக்கை என் வீட்டில் சந்தித்தேன் என்பது. அடுத்ததற்குப் பெயர் பேசிக்கொண்டிருந்தோம் என்பது. பெயரிலேயே வரிசை வந்துவிட்டது, நான் அட்டை எழுதியபோதே கவனித்தேன். வி.எஸ். நரசிம்மனின் வயலின் இல்லாமல் இது இல்லை. குறை சொல்ல வேண்டுமென்றால் டிரம்ஸ். அந்த ஒலி மட்டும் எண்பதுகளிலேயே நின்றுவிட்டது. இருந்தாலும் உன் பட்டியலில் முதல் பத்துக்குள் இதை வைக்காதவர்கள் கேட்காதவர்கள்தான். இரண்டு வருஷம் கழித்து வந்த "நத்திங் பட் விண்ட்" அழகு, ஆனால் எனக்கு இதுதான்.

இதைச் சொன்னதும் அவர் இசையமைத்து 2005இல் வந்த திருவாசகத்தைச் சொல்வேன் என்று எதிர்பார்ப்பாய். மாணிக்கவாசகர் மேலூர்ப் பக்கம் திருவாதவூர்க்காரர். ஆவணியில் புட்டுத் திருவிழாவுக்குக் கூட்டத்தில் நசுங்கிப் போய்வருகிற நமக்கு அவர் சொந்தக்காரர் மாதிரி. "பூவார் சென்னி மன்னன்" தொடங்கி, புடாபெஸ்ட் ஆர்க்கெஸ்ட்ரா மெல்ல எழுந்து, "போவோம் காலம் வந்ததுகாண்" என்று வரும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைக்கிறது. ஆனால் நடுவில் ஆங்கில வரிகள் வரும்போது நான் வெளியே வந்துவிடுகிறேன். பகுதிகளை முன்னே பின்னே போட்டாலும் பெரிதாக எதுவும் கெடாது. ஆகவே மனசுக்கு நெருக்கம், என் தராசில் தேறவில்லை. பிள்ளைக்குக் கடிதம் எழுதும்போது சொந்த ஊர்க்காரருக்கு என்று மார்க்கை ஏற்றிப் போட முடியாது.

வரிசையைக் கலைத்துப் போடுகிற அந்த ஷஃபிள் பட்டனை அணைத்து வை. நீ இங்கே வந்திருந்தபோது பார்த்தேன், அது எப்போதும் பச்சையாகவே எரிந்துகொண்டிருந்தது. முதலில் ஷக்தி கேள், ராத்திரியில் வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். அப்புறம் ஹெட்போனில் வலது காது விட்டு விட்டுக் கேட்கிறது. வாரண்டி இருந்தால் பில்லை அனுப்பு, அப்பா கடையில் கேட்டுப் பார்க்கிறேன் என்கிறார். பட்டியலில் பாக்கி இருப்பதை அது சரியான பிறகுதான் தொடுவேன்.

இப்படிக்கு,
அம்மா