கப்பலில் போகும் முன் செல்விக்கு

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவன் நீச்சல் கற்றுக்கொண்டுவிட்டான், அத்தைக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை என்றெல்லாம் படித்ததில் மனசு நிறைந்தது. இங்கே எல்லோரும் நலம். அவருக்கு வேலை இடம் மாறி இப்போது ஜூரோங் பக்கம் போய் வருகிறார், பெண்ணுக்கு இந்த வருஷம் ஓ லெவல் பரீட்சை, அதனால் வீட்டில் டிவி சத்தமே கிடையாது.

சரி, கப்பல் விஷயத்துக்கு வருகிறேன். சிங்கப்பூர் வந்து இங்கிருந்து கப்பல் ஏறலாம் என்று உன் வீட்டுக்காரர் சொன்னதிலிருந்து ஆளுக்கொன்று சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். கடலில் வாந்தி எடுத்தே படுத்துவிடுவீர்கள் என்று நாத்தனார், அது சூதாட்டக் கப்பல், குழந்தைகளைக் கூட்டிப்போகிற இடமா என்று கொழுந்தனார், எல்லாமே டிக்கெட்டில் அடக்கம், கையில் ஒரு பைசா வேண்டாம் என்று டிராவல்ஸ்காரர். இந்த மூன்றில் எனக்குக் கவலையாக இருப்பது கடைசியாகச் சொன்னதுதான். மற்ற இரண்டும் வெறும் பயம், போனால் தெளிந்துவிடும். இது பணம், திரும்பி வந்த பிறகும் வலிக்கும்.

டிக்கெட்டில் அடங்குவது அறை, பெரிய சாப்பாட்டுக் கூடத்திலும் பஃபேயிலும் சாப்பாடு, நீச்சல் குளம், பெரும்பாலான நிகழ்ச்சிகள், குழந்தைகள் கிளப். கோக், ஃபாண்டா, தனி உணவகங்கள், வைஃபை, கரையில் சுற்றிப்பார்க்கும் டூர், அவர்கள் எடுக்கிற போட்டோ இதெல்லாம் தனிக் காசு. அதற்கு மேல் ஊழியர்களுக்கான டிப்ஸ் இருக்கிறது. அது நாமாகப் பார்த்துக் கொடுப்பது இல்லை, தலைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று நம் கணக்கில் தானாக ஏறும். ராயல் கரீபியன் கம்பெனிக் கப்பலில் நான் கடைசியாகப் பார்த்தபோது சாதாரண அறைக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 18.50 அமெரிக்க டாலர், குழந்தை என்றாலும் அதே தொகை. நீங்கள் ஐந்து பேர், நான்கு இரவு என்றால் 370 டாலர். இதைக் கடைசி நாள் காலையில் பில்லில் பார்த்துச் சண்டை போடும் குடும்பங்கள் உண்டு. போய் நின்று இதை எடுத்துவிடச் சொல்லலாம் என்று யாராவது உனக்குச் சொல்வார்கள், தயவுசெய்து செய்யாதே. நம் அறையைக் கூட்டித் துடைக்கிற பிள்ளைகள் மாதக்கணக்கில் வீட்டைப் பார்க்காமல் ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவர்கள், நம் ஊர்ப் பிள்ளைகளும் அதில் உண்டு. ஆகவே டிராவல்ஸ்காரரிடம் ஒரே கேள்வி கேள்: துறைமுக வரி, டிப்ஸ் எல்லாம் சேர்த்து ஐந்து பேருக்கு மொத்தம் எவ்வளவு? எழுத்தில் வாங்கிக்கொள்.

போனும் இதே கதைதான். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் போன் தானாகக் கப்பலின் சாட்டிலைட் சிக்னலைப் பிடித்துக்கொள்ளும், சாதாரண ரோமிங் பேக் அதற்குச் செல்லாது. கப்பல் கிளம்பும்போதே எல்லார் போனையும் ஏரோபிளேன் மோடில் போட்டுவிடு, அத்தையுடையதையும் சேர்த்து.

அப்புறம் வாந்தி. இங்கிருந்து மலேசியாவின் பினாங்கு, கிள்ளான் துறைமுகம், தாய்லாந்தின் புக்கெட் என்று போகிற கப்பல்கள் மலாக்கா நீரிணை வழியாகப் போகின்றன. ஒரு பக்கம் சுமத்ரா, மறுபக்கம் மலாய் தீபகற்பம், நடுவில் போகிற கடல், அதனால் பெரும்பாலும் அடக்கமாகத்தான் இருக்கும். கப்பலும் 300 மீட்டருக்கு மேல் நீளம், அடியில் தண்ணீருக்குள் இரண்டு பக்கமும் துடுப்பு மாதிரி இறக்கைகள் நீட்டி ஆட்டத்தைக் குறைக்கிறார்கள். புக்கெட் பக்கத்து அந்தமான் கடல் மட்டும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், மே கடைசியிலிருந்து அக்டோபர் வரைக்கும், கொஞ்சம் முரடு. பயமாக இருந்தால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் அறை கேள், அங்கேதான் ஆட்டம் குறைவு. கொடுமை என்னவென்றால், மேலே போகப் போக விலை அதிகம், ஆட்டமும் அதிகம். நாங்கள் போனபோது என் அம்மா அவோமின் மாத்திரையை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டே வந்தார், கடைசி வரைக்கும் பிரிக்கவே இல்லை. சின்னவளுக்கு மட்டும் உன் டாக்டரைக் கேட்காமல் எந்த மாத்திரையும் வேண்டாம்.

சூதாட்டம் உண்டு, ஒரு தளத்தில். சர்வதேசக் கடலுக்குப் போன பிறகுதான் திறப்பார்கள், பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். அந்தப் பக்கம் போகாமலேயே முழுப் பயணமும் முடித்து வரலாம், நாங்கள் அப்படித்தான் வந்தோம்.

குழந்தைகள் விஷயத்தில்தான் நீ நன்றாகக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் உனக்கு ஒன்பது வயதும் இரண்டரை வயதும். கப்பலில் குழந்தைகளை விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று எல்லா விளம்பரத்திலும் சொல்கிறார்கள். பெரியவனுக்கு அது உண்மை, அவன் திரும்பி வரவே மாட்டேன் என்பான். சின்னவளுக்கு இல்லை. இலவச கிளப் பெரும்பாலும் மூன்று வயதிலிருந்துதான், அதுவும் டயப்பர் விட்டிருக்க வேண்டும். நீச்சல் டயப்பர் போட்டாலும் பெரிய குளத்தில் இறங்க விடமாட்டார்கள். எங்கள் பயணத்தில் ஒரு இளம் தாய் குழந்தைக்குப் புதுசாக வாங்கிய மஞ்சள் நீச்சல் உடையைப் போட்டுக் குளத்து ஓரம் வரை வந்துவிட்டாள், காவலுக்கு நின்ற பெண் குனிந்து பார்த்து மெதுவாகத் தலையசைத்தாள். குழந்தை தண்ணீரைக் காட்டிக் காட்டி அழுதது, அந்தத் தாய் அதைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற நிலை எனக்கு இன்னும் மறக்கவில்லை. குட்டிக் குழந்தைகளுக்கென்று தனியாகத் தண்ணீர் விளையாட்டு இடம் சில கப்பல்களில் இருக்கிறது, எல்லாவற்றிலும் இல்லை. பதிவு செய்யும் முன்பே கேள். அவளுக்கு மூன்று வயது முடிந்து டயப்பரும் விட்ட பிறகு போனால் உனக்கும் ஓய்வு கிடைக்கும். இந்த வருஷமே போக வேண்டும் என்றால் நீயும் அவரும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்கிற மாதிரி மனசைத் தயார் பண்ணிக்கொள்.

குளத்தில் உயிர்காப்பாளர் எல்லாக் கப்பலிலும் நிற்பதில்லை. நின்றாலும் பெரியவன் நீச்சல் தெரிந்தவன்தானே என்று விட்டுவிடாதே, கூட ஒருவர் இருங்கள். பால்கனி அறை எடுத்தால் அங்கே இருக்கிற நாற்காலியை, மேஜையை உள்ளே இழுத்துப் போட்டுவிடு. தடுப்பு உயரமாகத்தான் இருக்கும், ஏறி நிற்க ஒன்று கிடைத்தால்தான் ஆபத்து.

கப்பல் மூழ்கிவிடுமோ என்று அத்தை கேட்டார்கள் என்று எழுதியிருந்தாய், பாவம். 1912இல் டைட்டானிக் மூழ்கிய பிறகுதான் உலக நாடுகள் கூடிக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டன, 1914இல். 2012இல் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள், அதில் புதிதாக ஏறிய பலருக்கு, ஆபத்து வந்தால் எங்கே கூட வேண்டும் என்ற பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு கிளம்புவதற்கு முன்பே அல்லது கிளம்பிய உடனேயே பயிற்சி நடத்த வேண்டும் என்று விதியை இறுக்கிவிட்டார்கள். அந்தப் பயிற்சியை யாரும் அலட்சியம் பண்ணாதீர்கள். உங்கள் கூடும் இடம் எது என்று அத்தையையும் பெரியவனையும் ஒரு தடவை நடத்திக் கூட்டிப்போய்க் காட்டு, சின்னவள் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் எங்கே இருக்கிறது என்று கேட்டு வை.

இறங்குகிற ஊர்களைப் பற்றியும் தப்பான எண்ணம் நிறைய. அட்டவணையில் கோலாலம்பூர் என்று போட்டிருப்பார்கள், கப்பல் நிற்பது கிள்ளான் துறைமுகத்தில். அங்கிருந்து நகரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், நெரிசல் தனி. பத்துமலைக்குப் போய் முருகனைப் பார்த்துவிட்டு இரட்டைக் கோபுரத்தையும் பார்த்து வரலாம் என்று கணக்குப் போட்டால் நாள் முழுக்க வண்டியில்தான். பினாங்கு நேர் எதிர். ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கினால் ஜார்ஜ் டவுன் காலடியில், லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போய்விடலாம், குயின் தெருவில் 1833இல் கட்டிய மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. அத்தைக்குப் பூவும் தேங்காயும் வாங்கிக் கொடுத்துக் கும்பிட வைத்து, பக்கத்திலேயே வாழை இலையில் சாப்பிட்டுவிட்டு வரலாம். அதற்குப் போய் டூர் காசு கட்டாதே. புக்கெட்டில் பல கப்பல்கள் பத்தோங் கடற்கரைக்கு வெளியே நங்கூரம் போட்டுச் சின்னப் படகில்தான் கரைக்குக் கொண்டுபோகும், படகு ஆடும்போது ஏறி இறங்க வேண்டும். அத்தை முழங்காலுக்கு அது வேண்டாம்.

புக்கெட்டில் இன்னொன்று. தாய்லாந்து மணி சிங்கப்பூரை விட ஒரு மணி நேரம் பின்னால். கரையில் இறங்கியதும் போன் தானாக அந்த ஊர் மணிக்கு மாறிவிடும், கப்பல் பெரும்பாலும் சிங்கப்பூர் மணியிலேயே ஓடிக்கொண்டிருக்கும். போனைப் பார்த்து நிதானமாக ஷாப்பிங் பண்ணிவிட்டு வந்தால் கப்பல் போயிருக்கும். ஒருவருக்காகக் கப்பல் நிற்காது. கப்பல்காரர்களே நடத்துகிற டூர் தாமதமானால் மட்டும்தான் காத்திருப்பார்கள். பழைய கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு போ, அதில் மணியை மாற்றாதே.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம், இங்கிருந்து கிளம்பும் கப்பல்களில் இந்தியர்கள் அதிகம், இந்தியச் சாப்பாடு இருக்கும். அத்தைக்குச் சைவம், முட்டையும் கூடாது என்பதைப் பதிவு செய்யும்போதே எழுதிவிட்டு முதல் நாள் ராத்திரி பரிமாறுகிறவரிடமும் சொல்லிவிடு. எங்கள் மேஜையைப் பார்த்துக்கொண்டவர் கோவாக்காரர், அம்மாவுக்கு மறுநாள் ராத்திரிக்கு என்ன வேண்டும் என்று முந்தின நாளே கேட்டுப்போவார், கேட்காமலேயே தயிர் வந்துவிடும். புளியோதரை கட்டிக்கொண்டு போக முடியாது, வீட்டில் சமைத்ததை அனுமதிப்பதில்லை, பாக்கெட் பிரிக்காத தின்பண்டம் பரவாயில்லை. குக்கர், கெட்டில், அயர்ன் பாக்ஸ் எல்லாம் ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள், தீப்பிடிக்கும் என்ற பயம். கழிவறையில் தண்ணீர்க் குழாய் இருக்காது, ஒரு சின்ன மக் எடுத்துப் போ. இதை எந்த டிராவல்ஸ்காரரும் சொல்லமாட்டார். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல், வாசலில் வைத்திருக்கிற சானிட்டைசர் மட்டும் போதாது, கப்பலில் பரவுகிற நோரோ வைரஸ் அதற்கு அவ்வளவாக மசியாது. கப்பல் டாக்டர் உண்டு, ஆனால் இலவசம் கிடையாது, ஊர் இன்சூரன்ஸும் செல்லாது, பயணக் காப்பீடு எடுக்காமல் அத்தையைக் கூட்டிவராதே.

இவ்வளவையும் படித்துவிட்டு வேண்டாம் என்று முடிவு பண்ணிவிடாதே, செல்வி. மூன்று தலைமுறை சேர்ந்து போவதற்கு இதைவிடச் சௌகரியமான பயணம் எனக்குத் தெரிந்து இல்லை. வேறெந்த ஊருக்குப் போனாலும் யாராவது ஒருவருக்காக மற்றவர்கள் விட்டுக்கொடுக்க வேண்டும், அதுவும் பெரும்பாலும் நீயாகத்தான் இருப்பாய். இங்கே தினம் பெட்டி கட்ட வேண்டாம், சமைக்க வேண்டாம், பெரியவன் ஒரு பக்கம் ஏறிக் குதிப்பான், அத்தை வயதுக்காரர்கள் மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டு பேச ஆள் பிடித்துவிடுவார்கள், ராத்திரி எல்லோரும் ஒரே மேஜையில். என் அம்மா சாயங்காலம் முழுக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீரிணையில் வரிசையாகப் போகிற எண்ணெய்க் கப்பல்களையே பார்த்துக்கொண்டிருந்தார், எங்கே போகிறது, என்ன ஏற்றியிருக்கிறது என்று ஓயாமல் கேள்வி. அப்பா போன பிறகு அவர் அவ்வளவு பேசி நான் பார்க்கவில்லை.

தேதி விஷயம்: ஏப்ரல் கடைசி அல்லது மே முதல் வாரம் பார். உங்கள் பள்ளி விடுமுறை தொடங்கியிருக்கும், கடலும் அப்போது அமைதி, இங்கே மே கடைசியில் விடுமுறை விட்டதும் விலை ஏறிவிடும். நான்கு பேர் படுக்கிற அறைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும், கடைசி நேரத்தில் மலிவாகக் கிடைக்கும் என்று காத்திருக்காதீர்கள். நீங்கள் ஐந்து பேர், இரண்டு அறை வேண்டும், அடுத்தடுத்து உள்கதவோடு கேள். திருச்சியிலிருந்து ராத்திரி விமானம் ஏறிக் காலையில் இறங்கி மத்தியானமே கப்பல் என்று உன் வீட்டுக்காரர் திட்டம் போட்டால் விடாதே, விமானம் தாமதமானால் கப்பல் போய்விடும். முந்தின நாளே நம் வீட்டுக்கு வந்துவிடுங்கள். கப்பல் திரும்பச் சிங்கப்பூருக்கு வருவதால் விசா பலமுறை நுழைவுக்கானதா என்று பார், மலேசியா, தாய்லாந்து விதிகளையும் கிளம்பும் முன் இன்னொரு தடவை பார்த்துக்கொள். மரினா பே, ஹார்பர்ஃபிரண்ட் என்று இங்கே இரண்டு இடத்திலிருந்து கப்பல் கிளம்பும், டிக்கெட்டில் எது என்று எழுது, நானே கூட்டிப்போய் விடுகிறேன்.

அத்தை பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்று இன்றைக்கே எடுத்துப் பார், ஆறு மாதமாவது பாக்கி இருக்க வேண்டும்.

அன்புடன்,
வசந்தி